பதினான்காம் பக்கத்துக் கூந்தல்

ஆட்டக்காரர்கள், பாட்டுக்காரர்கள், கூத்தாடிகள் என்று மேடையேறியவர்களின் வாழ்க்கையைப் படம் போட்டுச் சொல்லும் குழந்தைப் புத்தகங்களை எனக்குப் பிடிக்காது. பிடிக்காமலேயே ஆறு வருடம் அவற்றுக்கு மதிப்புரை எழுதினேன். கடலூரிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு மாத இதழில், கடைசிக்கு முந்திய பக்கத்தில், நகைக்கடை விளம்பரத்துக்கு மேலே எனக்கு அரைப் பக்கம் கொடுத்திருந்தார்கள். புதிதாக வந்த புத்தகங்களைப் பற்றி நாலு வரி, நாலு வரியாக எழுத வேண்டும். நாலு வரிக்குள் ஒரு ஆளைக் கடித்து வைக்க முடியும் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

எல்லாப் புத்தகமும் ஒரே புத்தகம். இரண்டாம் பக்கத்தில் பெரிய கண்களோடு பிறப்பார்கள். நாலாம் பக்கத்தில் மழை பெய்யும், கூரை ஒழுகும். ஆறாம் பக்கத்தில் ஒரு வாத்தியாரோ தாய்மாமனோ கேலி செய்வார். கடைசிப் பக்கத்தில் கைதட்டல், மேலே நட்சத்திரங்கள். நாகஸ்வரம் வாசித்த அம்மாளுக்கும், சர்க்கஸ் கம்பியில் நடந்தவருக்கும், தொப்பியிலிருந்து புறா எடுத்தவருக்கும் ஒரே கண், ஒரே மழை, ஒரே மாமன். ஒருவர்கூடப் பல்வலியோடு மேடையேறியதில்லை. ஒருவர்கூட வீட்டில் யாரையும் திட்டியதில்லை. 'இந்தப் புத்தகத்தில் மழை மட்டும் நன்றாக நடித்திருக்கிறது' என்று ஒரு முறை எழுதினேன்.

அந்த மழைக்குச் சொந்தக்காரர் சிதம்பரத்தில் இருந்தார். பதிப்பாளர். ரயிலடிப் பக்கம் ஒரு மாடியில் அலுவலகம். போனில் கூப்பிட்டார். "குறை சொல்றது ஜாஸ்தியா இருக்கே சார். நீங்கதான் ஒன்னு எழுதிக் குடுங்களேன், பாப்பம்" என்றார். கோபத்தைக்கூடச் சிரித்துக்கொண்டு சொல்கிற ஆள். அவரை எனக்கு முன்பே தெரியும். என் வசன கவிதைகளின் கையெழுத்துப் பிரதி இரண்டரை வருடமாக அவர் மேஜையின் கீழ் இழுப்பறையில் கிடந்தது. நாற்பத்தேழு வயது வரை ஒரு புத்தகம் வராத கவிஞன் எப்படி இருப்பான் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. அந்த இழுப்பறையைத் திறக்க எந்தச் சாவியானாலும் சரி என்றிருந்தேன். மறுநாளே பஸ் ஏறினேன்.

மாவட்டத்தில் இப்போது மேடையில் இருப்பவர்களைப் பற்றி ஒரு வரிசை கொண்டுவரப் போவதாகச் சொன்னார். உங்களுக்கு யாரையாவது தெரியுமா என்று கேட்டார். என் வாயிலிருந்து மச்சான் வந்துவிட்டார்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்தில் வீடு. கரும்பு வெட்டுக் காலத்தில் டிராக்டரில் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்கு லோடு அடிப்பார். மற்ற காலத்தில் கூத்து. எங்கள் பக்கத்துத் தீமிதித் திருவிழாக்களில் பதினெட்டு நாள் கூத்து நடக்கும் அல்லவா, அதில் அம்மன் வேஷம் அவருக்கு. ஆறடி ஆள், மண்வெட்டி மாதிரிக் கை. மீசையை மழித்துவிட்டு அந்த ஆள் புடவையில் வந்து நின்றால், பீடி பிடித்துக்கொண்டிருப்பவர்கள் பீடியை அணைப்பார்கள். எனக்கும் அவருக்கும் கல்யாணப் பந்தலிலேயே ஆகவில்லை. "மாப்ள கவிதை எழுதறாராம். எழுதட்டும், வெந்நீர் போட ஆவும்" என்று பந்தி நடுவில் சொன்னவர். அவரைப் பற்றி நான் எழுத ஒப்புக்கொண்டது பாசத்தால் அல்ல. கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார், அவ்வளவுதான்.

நாலைந்து ஞாயிற்றுக்கிழமை போனேன். டிராக்டருக்கு அடியில் படுத்துக்கொண்டு, முகம் காட்டாமல், கிரீஸ் பூசியபடியே பதில் சொன்னார். பிறந்தது எப்போது என்று கேட்டால், "அதை வெச்சி நீ என்ன பண்ணப்போற" என்பார். முதல் மேடையில் பயம் இருந்ததா என்றால், "பக்கத்துல இருந்தவனுக்கு இருந்துது" என்பார். ஆனால் ஒரே ஒரு விஷயத்துக்காக டிராக்டருக்கு அடியிலிருந்து வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, என் எதிரில் உட்கார்ந்தார்.

"மாப்ள, நீ என்ன வேணா எழுதிக்க. என்னைத் திட்டிக்கூட எழுது. ஒன்னே ஒன்னு. சபையில முடி அவுந்தப்புறம், களம் வரைக்கும், எந்தப் படத்துலயும் முடி முடிஞ்சி இருக்கக் கூடாது."

கூத்து பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. நிறைந்த சபையில் அம்மனின் கூந்தலைப் பிடித்து இழுத்து வருகிறார்கள். அவிழ்ந்த கூந்தலை அவள் அன்றோடு முடிவதில்லை. கடைசி நாள் காலையில், களத்தில், எதிரியைப் பெரிய மண்ணுருவமாகச் செய்து படுக்க வைத்திருப்பார்கள். அதன் மேல் ஏறி நின்று, ஊர் பார்க்க, அப்போதுதான் முடிந்து பூ வைப்பாள். அது வரைக்கும் கூந்தல் கூந்தலாகவே தொங்கும். அந்த ஊர்களில் அது கதை இல்லை, கணக்குத் தீராத காரியம்.

மச்சான் இதில் இன்னும் ஒரு படி மேலே போவார். கொடியேற்றத்தன்று கையில் காப்புக் கட்டியதிலிருந்து களம் முடிகிற வரைக்கும் அவர் கை எதையுமே முடியாது. வேட்டிக்கு பெல்ட். நெல் மூட்டையின் வாயை மனைவி கட்ட வேண்டும். லோடுக்குக் கயிறு போட வேறு ஆள். வேஷத்துக்கான கயிறுகளைக்கூடக் கூத்துச் செட்டில் இருக்கிற மற்றவர்கள் கட்டிவிடுவார்கள். யாரும் அவருக்கு அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவராக வைத்துக்கொண்டது. முடிச்சே போடாமல் பதினெட்டு நாள் ஒரு விவசாயக் குடும்பத்தில் வாழ்ந்து பாருங்கள், தெரியும். நான் அதைக் கேட்டுச் சிரித்தேன். குறித்தும் கொண்டேன்.

படம் போட்டவர் நெல்லிக்குப்பத்துக்காரப் பெண். ஒரு தனியார் பள்ளியில் டிராயிங் டீச்சர். முப்பது வயதுக்குள் இருக்கும். தேவைக்கு மேல் ஒரு சொல் பேசாதவர். அவர் போட்டு எடுத்து வந்த பதினான்காம் பக்கத்தை நான் சிதம்பரத்து மாடியில்தான் முதலில் பார்த்தேன். சபை முடிந்த மறுநிமிஷம். அம்மன் மட்டும் நிற்கிறாள். கூந்தல் தலையிலிருந்து இறங்கி, தோளைத் தாண்டி, காகிதத்தின் ஓரம் வரை ஆறு மாதிரிப் போகிறது. என் வரிகளை அந்த இழைகளுக்கு நடுவில் வைத்திருந்தார், தண்ணீரில் இலை மிதக்கிற மாதிரி. என் வாக்கியங்கள் அவ்வளவு அழகாக அதற்கு முன்னும் பின்னும் இருந்ததில்லை. பொறாமையாக இருந்தது.

பதிப்பாளர் கண்ணாடியைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். "தலைவிரி கோலமா இருக்கேம்மா. எந்தப் பள்ளிக்கூடத்துல வாங்குவாங்க? வீட்டுல பொம்பளைங்க உள்ள கொண்டுபோக வுடுவாங்களா? முடிஞ்சி, ஒரு சரம் பூ வெச்சிடுங்க. லட்சணமா இருக்கும்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன். மேஜை மேல், இரண்டரை வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக, இழுப்பறையிலிருந்து வெளியே வந்த என் கையெழுத்துப் பிரதி இருந்தது. அதற்கு மேல் அட்டைப்பட மாதிரி. நீல நிறத்தில் என் பெயர்.

"சார், உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார் அந்தப் பெண்.

தெரியும். டிராக்டருக்கு அடியிலிருந்து எழுந்து வந்த ஆள் என் கண்ணுக்குள்ளேயே இருந்தார். ஜன்னலுக்கு வெளியே ஒரு ரயில் போனது. அது போய் முடிகிற வரை காத்திருந்து, "குழந்தைங்க புஸ்தகந்தானே" என்றேன்.

டீச்சர் காகிதத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். பத்து நாளில் வேறு படம் வந்தது. இழுத்துச் சீவிய தலை, உருண்டைக் கொண்டை, கொண்டையைச் சுற்றி மல்லிகைச் சரம். வெறுப்போடு போட்டது என்பது ஒவ்வொரு மொட்டிலும் தெரிந்தது. பதிப்பாளருக்கு ரொம்பத் திருப்தி.

புத்தகம் சித்திரையில் வந்தது. அந்த வருஷம் சேத்தியாத்தோப்புக்கு உள்ளே தள்ளி ஒரு ஊரில் திருவிழா. பத்தொன்பது வருஷமாக அங்கே அம்மன் வேஷம் மச்சானுக்குத்தான். எத்தனை ஊர் கூப்பிட்டாலும் அந்த ஊருக்குப் பிறகுதான் மற்ற ஊர். புத்தகத்தை அங்கேயே, கொடியேற்றத்தன்று மத்தியானம், கோயில் பந்தலில் வெளியிடலாம் என்று விழாக் குழுவே ஆசைப்பட்டுக் கேட்டது. பதிப்பாளர் காரில் கட்டுகளோடு வந்து இறங்கினார். நான் புதுச் சட்டை போட்டிருந்தேன். மச்சான் கையில் அப்போதுதான் காப்புக் கட்டி முடித்திருந்தார்கள். மஞ்சள் ஈரம்கூடக் காயவில்லை.

குழுத் தலைவர் முதல் பிரதியை வாங்கி, கைதட்டல் அடங்கும் முன்பே, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பெரியவர்கள் படப்புத்தகத்தை அப்படித்தான் பார்ப்பார்கள், விரலில் எச்சில் தொட்டு, தாள் எண்ணுகிற மாதிரி. ஓரிடத்தில் விரல் நின்றது. பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். அவர் இன்னொருவரிடம். பெண்கள் பக்கத்துக்கும் நாலைந்து பிரதி போயிருந்தது. அங்கிருந்து ஒரு குரல், கோபமே இல்லாமல், கடையில் விலை கேட்கிற மாதிரிக் கேட்டது.

"இத யாரு முடிஞ்சது?"

மச்சான் எழுந்து வந்து புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். மூடினார். திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான். என் பக்கம் திரும்பவே இல்லை.

தலைவர் மெதுவாகத்தான் பேசினார். கொடி ஏறிவிட்டது. இந்த மண்ணில் இன்னும் அவிழவே செய்யாத முடியை, இங்கேயே, கைதட்டி, முடிந்து வைத்தாகிவிட்டது. அதிலும் இவர் முகத்தோடு. இனிமேல் இவர் வேஷம் கட்டிக் களம் ஏறினால், முடிந்த முடியைத்தான் மறுபடி முடிவதாக ஆகும். வேறு ஆளைப் பார்க்க வேண்டியதுதான் என்றார். பத்தொன்பது வருஷம். ஒரு உருண்டைக் கொண்டை.

பதிப்பாளர் காருக்கு நகர்ந்துகொண்டே, "ஆர்ட்டிஸ்ட் பண்ண தப்புங்க" என்றார். நான் தலையாட்டினேன். தலையாட்டியதோடு விட்டிருக்கலாம். "அவுங்களுக்கு நம்ம வழக்கம் தெரியாது" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சேர்த்துச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசிவிட்டுக் குழு ஒரு வழி சொன்னது. சபைக் கூத்துக்குப் பத்து நாள் இருக்கிறது. அதற்குள் ஒரு பிரதி விடாமல் திருத்த வேண்டும். தப்புச் செய்தவர் இங்கே வந்து, அம்மன் எதிரில், தன் வாயால் சொல்ல வேண்டும். இரண்டும் நடந்தால் வேஷம் இவருக்கு. இல்லையென்றால் வேறு செட்டிலிருந்து ஆள் வரும். கொடுத்த பிரதிகளைத் திரும்ப வாங்கி அடுக்கினார்கள். தலைவர் கையிலிருந்த முதல் பிரதியை மட்டும் சாட்சிக்கென்று கோயிலிலேயே வைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் மச்சான் மோட்டார் சைக்கிளில் கடலூருக்கு வந்து, வீட்டுக்குள் நுழையாமல் ஹாரன் அடித்தார். என் மனைவி எனக்குச் சட்டையை எடுத்துக் கொடுத்தபடி, "எங்க அண்ணன் கேட்டது ஒன்னே ஒன்னு" என்றாள். டீச்சரைக் கூட்டிவர நெல்லிக்குப்பத்துக்குப் போனோம். அந்த முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து போனது எனக்கு இன்னும் ஞாபகம். சுவர் ஒன்று என்னை ஏற்றிக்கொண்டு போகிற மாதிரி.

டீச்சர் வாசலில் நின்றே பேசினார். மச்சான் ஆரம்பித்தார்: நம்ம வழக்கம் தெரியாதவங்க எதுக்கும்மா இந்தப் படத்துல கைய வெக்கிறீங்க. அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். தன் அம்மா ஊரிலும் தீமிதி உண்டு, தனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து களம் பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். சுருட்டி வைத்திருந்த காகிதத்தை எடுத்து வந்து விரித்துப் பிடித்தார். ஆறு மாதிரிக் கூந்தல். அதன் நடுவில் என் வரிகள்.

மச்சான் ரொம்ப நேரம் பார்த்தார். பெரிய கை காகிதத்துக்கு மேலே, தொடாமல், கூந்தல் போகிற வழியிலேயே போனது.

"அப்ப முடியச் சொன்னது யாரு?"

"சொன்னவரு ஒருத்தரு. தெரிஞ்சும் சும்மா இருந்தவரு ஒருத்தரு" என்றார் டீச்சர். "சும்மா இருந்தவரக் கேளுங்க. உங்க கூடத்தான் வந்திருக்காரு."

அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவர் டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டார். என்னிடம், "நீ வந்து சொல்லு மாப்ள" என்றார். பிறகு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு என்னை விட்டுவிட்டே போனார்.

பழைய படத்தை அச்சடித்துப் பக்கத்தின் மேல் ஒட்டுவது என்று முடிவானது. படத்தைக் கொடுக்க டீச்சர் ஒரு நிபந்தனை வைத்தார். ஐந்நூறு பிரதியையும் நான்தான் ஒட்ட வேண்டும், ஆள் வைக்கக் கூடாது. மீதிக் கட்டுகளை எடுக்கச் சிதம்பரம் போனேன். பதிப்பாளர் அதே சிரிப்போடு கட்டுகளைத் தள்ளினார். "எடுத்துக்கிட்டுப் போங்க சார். போய் என்ன வேணா சொல்லுங்க. ஆனா அங்க போயி என் ஆபீஸ்ல நடந்ததப் பேசுனீங்கன்னா, நம்ம இன்னொரு புஸ்தகத்த மறந்துடலாம்." மேஜையில் என் கவிதைகள் இல்லை. இழுப்பறை மூடியிருந்தது. நீல அட்டையைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. கேட்கவில்லை.

கடலூரில், என் வீட்டுக் கூடத்தில், மைதாப் பசை காய்ச்சி ஒட்ட ஆரம்பித்தேன். வேப்பம்பூ உதிர்கிற வெயில். மின்விசிறி போட்டால் தாள் பறக்கும், போடாவிட்டால் வியர்வை சொட்டும். ஒரு பக்கம் திறப்பு, பசை, கூந்தல், உள்ளங்கையால் அழுத்தல். திறப்பு, பசை, கூந்தல். மூன்றாம் நாள் மச்சான் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். உதவ அல்ல, பார்க்க. ஒட்டிய பிரதிகளைக் கட்டாகக் கட்டும் நேரம் வந்தபோது, சணலைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

"நீ கட்டு. எனக்குக் கை கூடாது. உனக்குத்தான் முடியறது நல்லா வருதே."

ஒவ்வொரு கட்டுக்கும் அதையே சொன்னார். ஒரு சொல் மாற்றாமல். எல்லாக் கட்டையும் நான்தான் கட்டினேன். சணல் அறுத்த இடத்தில் பசை பட்டு எரிந்தது.

சபைக் கூத்துக்கு முதல் நாள் காலையில் கோயிலுக்குப் போனேன். தலைவர், குழு ஆட்கள், கொஞ்சம் பெண்கள். மச்சான் ஒரு தூணோரம் நின்றார். அழகாகச் சொல்லத்தான் முந்தின நாளெல்லாம் வாக்கியங்கள் செய்து வைத்திருந்தேன். உள்ளே அந்தக் கல்முகத்துக்கு எதிரில் எல்லாம் உதிர்ந்துவிட்டது. படம் போட்டவர் சரியாகத்தான் போட்டார் என்றேன். முடியச் சொன்னது பதிப்பாளர் என்றேன். எனக்குத் தெரியும், தெரிந்தும் சும்மா இருந்தேன், என் புத்தகம் அவர் கையில் இருந்தது என்றேன். மூன்று வாக்கியம். நான் எழுதியவற்றில் உவமை இல்லாதவை அவை மட்டும்தான்.

தலைவர் ஒரு பிரதியை எடுத்துப் பதினான்காம் பக்கத்தைத் தடவிப் பார்த்தார். ஓரம் தூக்குகிறதா என்று நகத்தால் நெம்பினார். தூக்கவில்லை. "வேஷம் அவருக்கே" என்றார். பிறகு என்னிடம், ரொம்ப மரியாதையாக, "நீங்க மட்டும் களத்தன்னிக்கு வர வேணாம் சார். இந்த வருஷம்னு இல்ல" என்றார்.

மச்சான் தூணை விட்டு நகர்ந்து உள்ளே போனார். எனக்காக ஒரு வார்த்தை சொல்வார் என்று அரை நிமிஷம் நின்று பார்த்தேன். வெட்கக்கேடு.

சிதம்பரத்திலிருந்து என் கையெழுத்துப் பிரதி கூரியரில் திரும்பி வந்தது. அதில் இருந்தது ஒரு துண்டுச் சீட்டு மட்டும்: இடப் பற்றாக்குறை. அந்த மாதம் இதழின் ஆசிரியர், உங்கள் மச்சானைப் பற்றிய புத்தகத்தையும் புது வரவில் சேர்த்துவிடுங்களேன் என்று கேட்டார். எழுதினேன். நாலு வரிகூட வரவில்லை. 'படங்கள் நன்று. ஓவியருக்கு நம் வழக்கம் தெரியும். எழுதியவருக்கும் தெரியும். பதினான்காம் பக்கத்தில் ஒட்டியிருப்பதைக் குழந்தைகள் பிரிக்காமல் பார்த்துக்கொள்ளவும்.' ஆசிரியர் கடைசி வரி புரியவில்லை என்று வெட்டிவிட்டார்.

களத்தன்று என் மனைவியும் எங்கள் மகளும் விடியும்போதே கிளம்பிப் போனார்கள். நான் கூடத்தில் பசைக் கறை படிந்த தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். பதினொரு மணி இருக்கும். இப்போது மச்சான் களம் ஏறியிருப்பார். இப்போது கூந்தலை இரண்டு கையாலும் அள்ளியிருப்பார். பதினெட்டு நாள் எதையும் முடியாத கை. ஊரே மூச்சை நிறுத்தியிருக்கும். நான் அதை எழுதியிருக்கிறேன், பத்தொன்பதாம் பக்கத்தில், பார்க்காமலே. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் ஒரு களத்துக்கும் நான் போனதில்லை. வெயில், தூசி, கூட்டம் என்று ஏதாவது சொல்லித் தள்ளிப்போட்டிருந்தேன். இனி போக முடியாது.

சாயந்திரம் மனைவி திரும்பி வந்தாள். முந்தானையில் களத்துப் பூ. கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். "அண்ணன் குடுத்தாரு. களத்துலேருந்து எறங்குனதும் மொத வேலையா இதத்தான் கட்டுனாரு" என்றாள்.

பொட்டலம் புத்தக அளவு. கோயிலில் வைத்திருந்த அந்தப் பிரதி, கொண்டையும் மல்லிகையுமாக ஒட்டாமல் மிஞ்சியிருந்த ஒன்றே ஒன்று. அதைச் சுற்றிச் சணல், குறுக்கும் நெடுக்குமாக. அதில் முடிச்சு மேல் முடிச்சு மேல் முடிச்சு. கரும்பு லோடுக்குப் போடுகிற முடிச்சு, இழுக்க இழுக்க இறுகுவது. பதினெட்டு நாளாகச் சேர்த்து வைத்த முடிச்சு எல்லாவற்றையும் அந்தக் கை ஒரே இடத்தில் போட்டிருந்தது.

என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"ஒன்னும் சொல்லல" என்றாள். பூவை எடுத்துச் சாமி படத்துக்கு வைத்துவிட்டு, அடுப்படிக்குப் போனாள்.

அது 2009. மூன்று வருஷம் ஆகிறது. பொட்டலம் என் அலமாரியில், மதிப்புரைக்கு வந்த படப் புத்தகங்களுக்கு நடுவில் இருக்கிறது. கத்தரிக்கோல் வைத்தால் ஒரு நிமிஷ வேலை. ஆனால் அது வெட்டுகிற முடிச்சு இல்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். எப்போதாவது எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, நகத்தால் நெம்பிப் பார்க்கிறேன். இதுவரை ஒன்று அவிழ்ந்திருக்கிறது.